காற்று எங்கே அடைபடுகிறது?

1

காற்றைப் பற்றித் தமிழில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார்கள். உடம்பு என்பது காற்று நிரம்பிய வெறும் தோல், இன்றிருக்கும் நாளை போய்விடும் என்பது சித்தர் வழியாக வந்த பேச்சு. நம்முடைய அன்றாட வழக்கும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஒன்றுமில்லாத விஷயத்தை ஒருவன் பெரிதாக்கினால் ‘ஊதிப் பெருசாக்கிட்டான்’ என்கிறோம். உற்சாகம் இழந்தவனைக் ‘காத்துப் போன டயர்’ என்கிறோம். இங்கே காற்று என்பது இன்மையின் மறுபெயர். மற்றது இலக்கணக்காரர்களுடைய பேச்சு. உந்தியிலிருந்து கிளம்பும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களில் நிலைகொண்டு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் இவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. கிளம்புகிற காற்று ஒன்றுதான். அது எங்கே, எதனால் தடைபடுகிறது என்பதைப் பொறுத்தே ‘க’வும் ‘ப’வும் வேறுவேறாகின்றன.

காற்றடைத்த குழாய்களால் நிற்கும் கூடாரங்களைப் பற்றி எழுதப் புகும்போது நான் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது வழியை. இக்கூடாரங்களைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி, அதை விளம்பரமாக எழுதியவர்களும் சரி, விடுதலையின் குறியீடாக எழுதியவர்களும் சரி, காற்றின் ‘லேசு’ என்ற ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. லேசானது, எளிதில் தூக்கிப்போகலாம், நிரந்தரமற்றது, ஆகவே நல்லது. என் கேள்வி வேறு. காற்று எங்கே அடைபடுகிறது? யார் அடைக்கிறார்கள்? திறந்துவிடும் உரிமை யாரிடம் இருக்கிறது? ஒரு கூடாரத்தின் வடிவமும் அதற்குள் இருப்பவரின் நிலையும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில்தான் தீர்மானமாகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதெல்லாம் பொறியாளர் சமாச்சாரம், இந்தப் பக்கங்களில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நமக்கு ‘போலிப்படிமம்’ பற்றிச் சொன்னவராகவே அறிமுகமான ழான் போத்ரியார், 1960களின் பிற்பாதியில் பாரிஸில் ‘உத்தோப்பி’ என்ற குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் கட்டடக் கலைஞர்கள் செய்துகொண்டிருந்தது காற்றூதிய கட்டடங்களைத்தான். ஆகக் கோட்பாட்டுக்கும் பம்புக்கும் உறவு ஏற்கனவே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் பம்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

2

காற்றால் நிற்கும் கட்டடங்கள் மூன்று வகை. மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

முதல் வகையில் அடைபடுவது நாம் இருக்கும் அறையின் காற்றே. ஒரு பெரிய துணியைத் தரையோடு சுற்றிலும் கட்டிவிட்டு, உள்ளே விசிறியால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் துணி குமிழாக எழும்பி நிற்கும். விளையாட்டரங்குகளை இப்படி மூடுவதுண்டு. இதற்கு வேண்டிய அழுத்தம் மிகக் குறைவு. வெளிக்காற்றைவிட 25 மில்லிமீட்டர் நீர்க்கம்ப அளவு கூடுதலாக இருந்தால் போதும். அதாவது, கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 25 கிலோ விசை கீழிருந்து தாங்குகிறது. ஆனால் அதே விசை கதவின் மேலும் விழுகிறது. 2 சதுர மீட்டர் கதவென்றால் 50 கிலோ. சாதாரணக் கதவைத் திறந்து வைத்தால் காற்று வெளியே பாயும், கூரை தொய்யும். எனவே சுழல்கதவு வேண்டும், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வேண்டும். இந்த வகைக் கட்டடத்தில் உள்ளே இருப்பவர் கூரையைத் தாங்கும் காற்றுக்குள்ளேயே வாழ்கிறார். அவருடைய போக்குவரத்து கட்டடத்தின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

இரண்டாவது வகையைப் பொருட்காட்சி மைதானங்களில் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் ஏறிக் குதிக்கும் பெரிய பொம்மைக் கோட்டை. இங்கே காற்று சுவருக்குள் இருக்கிறது, ஆனால் அடைபடவில்லை. தையல் ஓட்டைகள் வழியே கசிந்துகொண்டே இருக்கும். பின்னால் ஒரு விசிறி ஓயாமல் இரைந்துகொண்டு கசிந்ததை ஈடுகட்டும். கரண்ட் போனால் கோட்டை சில நிமிடத்தில் படுத்துவிடும்.

மூன்றாவது வகை காற்றுக்குழாய். சைக்கிள் ட்யூபின் அண்ணன் என்று சொல்லலாம். காற்றுப் புகாத குழாயை ஊதி, வால்வை மூடிவிடுகிறோம். ஊதப்பட்ட குழாய்கள் வளைந்த விலா எலும்புகள்போல் நிற்க, அவற்றின் மேல் துணி போர்த்தப்படுகிறது. உள்ளே இருக்கும் காற்று தெருவில் இருக்கும் அதே காற்று. அதற்கு அழுத்தம் எதுவும் கூடுதலில்லை. பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்காரலாம். முதல் வகையிலிருந்து மூன்றாவது வகைக்கு வந்த தூரம் என்னைக் கேட்டால் இந்த ஒரு கதவின் தூரம்தான்.

3

குழாய் ஏன் நிற்கிறது? துணிக்கு ஒரே ஒரு திறமைதான் உண்டு: இழுத்தால் தாங்கும். அமுக்கினால் மடிந்துவிடும். ஒரு மரக்கழியை வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அமுக்கப்படுகிறது. துணியால் இந்த அமுக்கத்தைத் தாங்க முடியாது. காற்று செய்யும் தந்திரம் இதுதான்: குழாயை உள்ளிருந்து தள்ளித் துணி முழுவதையும் முன்கூட்டியே இழுத்து வைத்துவிடுகிறது. பிறகு நாம் வளைக்கும்போது ஒரு பக்கத்தில் அமுக்கம் வருவதில்லை, ஏற்கனவே இருந்த இழுவை குறைகிறது, அவ்வளவுதான். அந்த இழுவை பூஜ்யத்தைத் தொடுகிற கணம்தான் எல்லை. அப்போது துணியில் முதல் சுருக்கம் விழும். அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வளைத்தால் குழாய் மடிந்தே போகும். சுருக்கத்துக்கும் மடிவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி ஒரு எச்சரிக்கைக் காலம். மரம் முறிந்தால் முறிந்ததுதான். குழாயோ பாரம் குறைந்ததும் மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.

இந்த எல்லை எதைப் பொறுத்தது? அழுத்தத்தைப் பொறுத்தது, அதைவிட அதிகமாகக் குழாயின் பருமனைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு குழாயில் வெளிக்காற்றைவிட அரை வளிமண்டலம் கூடுதல் அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, 1 மீட்டர் தள்ளி சுமார் 8 கிலோ தொங்கவிட்டால் சுருக்கம் விழும். அதே அழுத்தத்தில் ஆரத்தை 20 சென்டிமீட்டர் ஆக்கினால் 64 கிலோ தாங்கும். பருமன் இரண்டு மடங்கானால் வலிமை எட்டு மடங்கு. துணியின் மேல் விழும் இழுவையோ இரண்டு மடங்குதான். பருமனைக் கூட்டாமல் அழுத்தத்தை எட்டு மடங்காக்கியும் அதே 64 கிலோவைத் தாங்க வைக்கலாம். ஆனால் அப்போது துணியின் இழுவையும் எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் துணி விலை கூடியது, தயாரிப்பதும் கடினம்.

ஆக, வடிவமைப்பவர் முன்னால் இரண்டு பாதைகள். ஒன்று, பருத்த குழாய், குறைந்த அழுத்தம், மலிவான துணி. கால் பம்பாலும் ஊதலாம், ஒட்டுப்போடலாம். ஆனால் இடத்தை அடைக்கும், காற்றும் நிறைய வேண்டும். மற்றது, ஒல்லிக் குழாய், மிகுந்த அழுத்தம், விசேஷ இழை. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடம் இந்த இரண்டாவது பாதையில் போனது. தையலே இல்லாமல் வலுவான இழைகளைக் குழாயாகப் பின்னி, உள்ளே காற்றுப்பையை வைத்து, சில வளிமண்டல அழுத்தம்வரை ஏற்றும் குழாய்களை உருவாக்கியது. இதில் இழை எந்தக் கோணத்தில் பின்னப்படுகிறது என்பது முக்கியம். ஊதப்பட்ட குழாயில் சுற்றளவு வாக்கில் உள்ள இழுவை, நீளவாக்கில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. அளவு மீறி ஊதிய குழாய் நீளவாக்கில் கிழிய முற்படுவது இதனால்தான். குழாயின் அச்சோடு ஏறத்தாழ 54.7 டிகிரி கோணத்தில் இழைகளைப் பின்னினால் இரண்டு இழுவைகளும் சமன்பட்டு, குழாய் நீளவும் செய்யாது, பருக்கவும் செய்யாது.

பகலும் இரவும் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. 40 டிகிரி வெயிலில், வெளிக்காற்றைவிட 0.3 வளிமண்டலம் கூடுதலாக ஊதி வால்வை மூடுகிறோம். குழாய்க்குள் மொத்த அழுத்தம் 1.3. இரவில் வெப்பம் 10 டிகிரிக்கு இறங்கினால் மொத்த அழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைந்து 1.17 சொச்சம் ஆகும். 10 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கூடாரத்தை நிறுத்துவது மொத்த அழுத்தமல்ல, வெளிக்காற்றுக்கு மேலான மிச்சம். அது 0.3லிருந்து 0.18க்குக் கீழே வந்துவிட்டது. வலிமையில் 40 சதவீதம் போய்விட்டது. ஓட்டை எதுவுமில்லை, யாரும் வால்வைத் தொடவில்லை, கூடாரம் மட்டும் நடுச்சாமத்தில் தளர்கிறது. காலையில் குளிரில் ஊதினால் மதியம் தலைகீழாக நடக்கும். உபரியை வெளியேற்றும் வால்வு இல்லாவிட்டால் தையல் விட்டுப்போகும். எனவே குழாய்க் கூடாரத்துக்கு ஆள் வேண்டும். காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து, ஊதி, விட்டு, ஊதிக் கவனிக்கிற ஒரு கை. ‘ஊதினால் போதும், தானே நிற்கும்’ என்ற பேச்சில் இந்தக் கை மறைக்கப்படுகிறது.

மீதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றைப் பிடித்து வைக்கும் உள்பையும் இழுவையைத் தாங்கும் வெளியுறையும் தனித்தனியாக இருப்பது நல்லது, ட்யூபும் டயரும் மாதிரி. அப்போது பஞ்சரானால் உள்பையை மட்டும் உருவி ஒட்டலாம். ஒவ்வொரு வளைவுக்கும் தனி வால்வு வேண்டும், ஒன்று போனால் மற்றவை நிற்கும். கடைசியாக, இது பாரமற்ற வீடு என்பதால் விழுவதைவிடப் பறப்பதுதான் ஆபத்து. முளையும் கயிறும் மணல்மூட்டையும் இல்லாவிட்டால் ஒரு பலத்த காற்று தூக்கிப்போய்விடும். லேசு என்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. கூரையில் மிச்சம் பிடித்த பாரத்தைத் தரையில் கட்டித்தான் தீர வேண்டும்.

4

இந்தத் தொழில்நுட்பத்தின் தோற்றக் கதையைப் பார்த்தால் ராணுவமும் மருத்துவமனையும் ஒரே கூடாரத்திலிருந்து வெளிவருகின்றன. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கார் தயாரித்தவர், பறத்தலின் இயற்பியல் பற்றி எழுதியவர். அவர் கேட்ட உரிமை, கம்பமே இல்லாமல் காற்றழுத்தத்தால் நிற்கும் போர்க்கள மருத்துவமனைக் கூடாரத்துக்கு. மேலே சொன்ன முதல் வகை அது. அவருடைய விண்ணப்பத்திலேயே இரட்டைக் கதவு இருக்கிறது. அந்தக் காலத்தில் அது கட்டப்படவில்லை. 1948இல் அமெரிக்காவில் கார்னெல் விமானவியல் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் பேர்ட் என்பவர் அதே தத்துவத்தில் சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள குமிழை நிறுத்தினார். இம்முறை உள்ளே காயம்பட்ட சிப்பாய் இல்லை, ராடார் இருந்தது. உலோகச் சட்டம் ராடார் அலைகளைக் குழப்பும், காற்று குழப்பாது. பனிப்போருக்கு வேண்டியிருந்தது காற்றின் இந்த ‘இல்லாமை’தான்.

குழாயைப் பெரிய அளவில் காட்டியது 1970 ஒசாகா உலகக் கண்காட்சி. ஃபூஜி குழுமத்தின் அரங்கைக் கட்டடக் கலைஞர் யுத்தாக்கா முராத்தாவும் பொறியாளர் மமோரு கவாகுச்சியும் வடிவமைத்தார்கள். தலா 4 மீட்டர் விட்டமும் 78 மீட்டர் நீளமும் கொண்ட 16 குழாய்கள். 50 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின்மேல் அவற்றை அடுத்தடுத்து வளைத்து நிறுத்தினார்கள். எல்லாக் குழாய்களும் ஒரே நீளம் என்பதில்தான் அழகு. நடுவிலுள்ளது 50 மீட்டர் அகலத்தைத் தாண்டுவதால் சரியாக அரைவட்டமாகிறது. ஓரத்துக்கு வரவரக் கால்கள் நெருங்குகின்றன, நீளம் மிஞ்சுகிறது, குழாய் மேலே எழும்பி முன்னே பிதுங்குகிறது. யாரும் ‘வடிவம்’ என்று தனியாக வரையவில்லை. ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் வடிவம் கிடைத்தது. சாதாரண நாட்களில் 800 மில்லிமீட்டர் நீர்க்கம்ப அழுத்தம், புயல் வந்தால் 2500 வரை ஏற்றலாம். கணக்குப் போட்டால், சாதாரண நாளில் துணியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் 1.6 டன் இழுவை, புயலில் 5 டன். பார்ப்பதற்குக் குழந்தைகளின் பொம்மைபோல் இருந்த அந்தக் கட்டடம் நடைமுறையில் இறுக்கிக் கட்டிய வில். உள்ளே ஐமேக்ஸ் முறையின் முதல் படமான ‘டைகர் சைல்ட்’ திரையிடப்பட்டது. ஆறு மாதம் கழித்து எல்லாம் கழற்றப்பட்டது.

5

இந்த ஒசாகாவுக்கு இரண்டு வருடம் முன்பு, 1968 மார்ச்சில், பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘காற்றூதிய கட்டமைப்புகள்’ என்ற கண்காட்சியை உத்தோப்பி குழு நடத்தியது. மே நிகழ்வுகளுக்கு இரண்டு மாதம் இருந்தது. ழான் ஓபேர், ழான்-போல் யுங்மான், அந்த்வான் ஸ்தின்கோ ஆகிய மூன்று கட்டடக் கலைஞர்கள். கூடவே சமூகவியல் பக்கத்திலிருந்து போத்ரியார், உய்பேர் தொன்கா போன்றோர். ஆன்றி லெஃபெவ்ரின் வட்டத்தில் இருந்தவர்கள். 1967இல் பட்டப் படிப்புக்காக அந்த மூவர் வரைந்தவையே காற்றூதிய கட்டடங்கள்தாம்: ஊர் ஊராகப் போகும் ஐயாயிரம் பேர் அரங்கு, வீடு, கண்காட்சிக்கூடம். கல்லையும் கான்கிரீட்டையும் நிரந்தரத்தின், அரசின், சொத்தின் மொழியாக அவர்கள் வாசித்தார்கள். அதற்கு எதிர்மொழியாகக் காற்று. நகரும் கட்டடத்தை யாரும் வாரிசுக்கு எழுதிவைக்க முடியாது.

இதே காலத்தின் வேறு குரல்களும் உண்டு. ஆங்கில விமர்சகர் ரேனர் பேன்ஹம் 1965இல் எழுதிய கட்டுரையொன்றுக்கு ஃபிரான்சுவா தலெக்ரே வரைந்த படத்தில், குளிர்சாதனக் கருவி ஊதிய ஒளிபுகும் குமிழுக்குள் நிர்வாணமாகச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் டி.வி. பெட்டியும் கருவிகளும். வீடு என்பது சுவரல்ல, இணைப்புகளின் தொகுப்பு என்பது வாதம். சான்பிரான்சிஸ்கோவின் ‘ஆன்ட் ஃபார்ம்’ குழு 1970களின் தொடக்கத்தில் சமையல் குறிப்புப் புத்தகம்போல் ஒரு கையேட்டை வெளியிட்டது. பாலித்தீன் தாளும் டேப்பும் ஒரு விசிறியும் இருந்தால் யாரும் கட்டிக்கொள்ளலாம், வல்லுநர் வேண்டாம்.

இவர்களை இன்று கிண்டல் செய்வது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. நிரந்தரம் என்பது இயற்கையல்ல, அதுவும் ஒரு அதிகாரம் கட்டியெழுப்பிய கதையாடல் என்று காட்டியவர்கள் இவர்கள். ஆனால் இவர்களுடைய வாசிப்பு தோலோடு நின்றுவிட்டது என்று தோன்றுகிறது. தோலின் லேசைப் படித்தார்கள். தோலை நிமிர்த்தி வைக்கும் விசிறியை, விசிறிக்கு வரும் மின்கம்பியை, கம்பியின் மறுமுனையைப் படிக்கவில்லை. பேன்ஹமின் குமிழ் மட்டும் இதை மறைக்காமல் சொல்கிறது: சுவர் போய்விட்டது, அதன் இடத்தில் மின்கட்டணம் வந்துவிட்டது. கல் வீட்டில் இருப்பவன் ஒரு மாதம் யாரையும் சாராமல் கதவடைத்துக் கிடக்கலாம். குமிழில் இருப்பவன் ஒரு மணி நேரம்கூட முடியாது. நிரந்தரத்தைக் கட்டவிழ்த்த இடத்தில் சார்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபூஜி குழுமமும் ராணுவமும் காற்றைச் சங்கடமில்லாமல் எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், மின்கம்பியின் மறுமுனை எப்போதும் அவர்கள் கையில் இருந்தது என்பதே.

6

சரி, கையில் மறுமுனை இல்லாதவர்கள்? இனி வரும் இரண்டு நிகழ்வுகள் அவர்களைப் பற்றியவை.

2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தானின் வட பகுதியிலும் காஷ்மீரிலும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு மான்செராவில் குழாய்களால் நிற்கும் மருத்துவமனையை நிறுவியது. பின்னதிர்வுகள் தொடரும்போது கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழைய நோயாளியும் பயப்படுவார், மருத்துவரும் பயப்படுவார். குழாய்க் கூடாரம் ஆடும், விழுந்தாலும் கொல்லாது. ‘லேசு’ என்ற குணம் தத்துவமாக இல்லாமல் உயிருள்ள காரணமாக மாறுவது இங்கேதான். லான்செஸ்டர் 1917இல் கேட்ட கூடாரம், இரட்டைக் கதவின் தொல்லை நீங்கி, 88 வருடம் கழித்து வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம்.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அதே அமைப்பு தலா 100 சதுர மீட்டர் கொண்ட கூடாரங்களையும் அறுவை அரங்குகளையும் விமானத்தில் ஏற்றி அனுப்பியது. போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையம் அப்போது அமெரிக்க ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஜனவரி 16 அன்று அந்தச் சரக்கு விமானத்துக்கு இறங்க அனுமதி கிடைக்கவில்லை. அது பக்கத்து டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பி விடப்பட்டது, அங்கிருந்து லாரிகளில் சாமான்கள் வந்தன. ஒரு நாள் போயிற்று. அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் என்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு பள்ளி மைதானத்தில் மருத்துவமனை எழுந்தது, நன்றாகவே வேலை செய்தது. நான் கவனிக்கச் சொல்வது அந்த ஒரு நாளை. எங்கும் இறக்கலாம், எங்கும் நிறுத்தலாம் என்ற வாக்குறுதியோடு வந்த கட்டடம், நிறுத்துவதற்கு முன் இறங்க ஓடுதளம் வேண்டியிருந்தது. குழாயின் வால்வு மருத்துவர் கையில் இருந்தது. வானத்தின் வால்வு வேறொருவர் கையில் இருந்தது.

7

இரண்டாவது நிகழ்வு மருத்துவமனையைவிடச் சிறியது, ஒரு ஆள் படுக்கும் அளவு. 1997–98இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த கலைஞர் மைக்கேல் ராக்கோவிட்ஸ் வீடற்றவர்களுக்காகக் கூடாரங்கள் செய்யத் தொடங்கினார். பெயர் ‘பாராசைட்’, ஒட்டுண்ணி. குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் பைகளையும் டேப்பையும் கொண்டு இரட்டைத் தோலுள்ள ஒரு கூடு. அதன் வாலைப் பெரிய கட்டடங்களின் வெளிக்காற்றுத் துவாரத்தில் மாட்டிவிட வேண்டும். கட்டடம் தனக்கு வேண்டாமென்று வெளியே தள்ளும் வெதுவெதுப்பான காற்று இரட்டைத் தோலுக்கிடையே புகுந்து கூட்டை எழுப்பும், குளிர்காலத்தில் சூடாகவும் வைக்கும். செலவு சுமார் 5 டாலர். மூன்று வகைகளில் இது இரண்டாவது வகை. விசிறி மட்டும் அடுத்தவனுடையது.

இரண்டு விவரங்கள் முக்கியம். ராக்கோவிட்ஸ் முதலில் கறுப்புப் பைகளால் செய்தார், படுப்பவருக்கு மறைவு வேண்டும் என்று நினைத்து. பயன்படுத்துபவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மறைவல்ல, பாதுகாப்பு. யாராவது தாக்க வந்தால் உள்ளிருந்து தெரிய வேண்டும். உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்பது தெருவுக்கும் தெரிய வேண்டும். ஆகவே ஒளிபுகும் பைகள், ஜன்னல்கள். பார்வைக்கு ஆட்படுதல் என்றாலே கண்காணிப்பு என்று ஃபூக்கோ வழியாகப் பழகிய நமக்கு இது ஒரு நல்ல திருத்தம். பார்க்கப்படாமல் போவதும் ஒரு தண்டனை.

மற்றது உயரம். நியூயார்க்கில் நகரத்தின் இடத்தில் 3.5 அடிக்கு மேல் எழும்பும் எதுவும் சட்டவிரோதக் கூடாரமாகும் என்பதால், அங்கே ஒருவருக்குச் செய்த கூடு அந்த அளவுக்குக் கீழேயே அடங்குமாறு வடிவமைக்கப்பட்டது. சட்டத்தின் அளவுகோலே கட்டடக் கலைஞனின் அளவுகோலானது. உட்காரலாம், படுக்கலாம். நிற்க முடியாது.

ராக்கோவிட்ஸ் இதைத் தீர்வு என்று சொல்லிக்கொள்ளவில்லை. வீடின்மையைத் தெருவில் பார்க்கும்படி வைக்கிற எதிர்ப்பு என்றே முன்வைத்தார். எனக்கு இது முக்கியமாகப் படுவது வேறொரு காரணத்தால். உத்தோப்பி குழு படிக்காமல் விட்ட மறுமுனையை இந்தக் கூடு வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. காற்று எங்கிருந்து வருகிறது? அதோ அந்தக் கட்டடத்திலிருந்து. யாருடையது? அவர்களுடையது. நிறுத்திவிட்டால்? கூடு படுத்துவிடும். கேம்பிரிட்ஜின் ஹார்வர்டு சதுக்கத்தில் வீடற்றவர்கள் படுக்க முடியாதபடி துவாரங்களின் கம்பித் தட்டுகளைச் சாய்த்துவைத்த காலம் அது. வேண்டாமென்று தள்ளிய காற்றுக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். ‘லேசு’ என்ற சொல் மறைத்ததைப் பிளாஸ்டிக் வால் சொல்லிவிட்டது.

8

காற்றுக்குழாய்க் கூடாரம் வேண்டாம் என்பது என் முடிவல்ல. கதவைத் திறந்து வைத்தாலும் நிற்கிற வீடு என்பது சின்ன விஷயமில்லை. நிலநடுக்கத்தின் மறுநாள் அதற்கு இணையாக வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வடிவமைப்பை முன்னால் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்விகள் அழகியல் சார்ந்தவை மட்டுமல்ல. உள்ளே இருப்பவர் தன் கையால், தன் காலால் ஊத முடியுமா, அல்லது அந்தக் கம்பெனியின் பம்பும் ஜெனரேட்டரும் வேண்டுமா? ஒட்டுப்போட உள்பையை அவரே உருவ முடியுமா? இரவில் அழுத்தம் இறங்கும்போது யார் எழுந்து பார்ப்பார்கள்? எழுந்து நிற்க உயரம் இருக்கிறதா? பருத்த குழாயா, ஒல்லிக் குழாயா என்ற தொழில்நுட்பத் தேர்வுக்குள் இந்தக் கேள்விகள் ஏற்கனவே உட்கார்ந்திருக்கின்றன. பருத்த குழாயை ஊரில் சைக்கிள் கடைக்காரர் சரிசெய்துவிடுவார். பின்னிய ஒல்லிக் குழாயை அதைச் செய்த தொழிற்சாலைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கடைசியாக, காலம். பிளாஸ்டிக் பூசிய துணி வெயிலில் வருடக்கணக்கில் நிற்பதற்கானதல்ல. வெயில் பட்டுப்பட்டு வெளிறி விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். காற்றூதிய கட்டடத்தை விரும்பியவர்களுக்கு இந்தத் தற்காலிகம் ஒரு சுதந்திரமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் மாலையில் திரும்பிப்போக வேறு வீடு இருந்தது. வீடிழந்தவருக்குத் தற்காலிகம் என்பது மற்றவர்கள் அவருக்காக எடுத்த முடிவு. அந்த முடிவின் ஆயுளைக் கோப்பில் தேட வேண்டியதில்லை, துணியில் படிக்கலாம். குழாயில் மூன்றாவது ஒட்டு விழும்போதும் கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறவர் மேலும் பசை கேட்க வேண்டியதில்லை. செங்கல் கேட்க வேண்டும்.